30 வருடம் பட்டறையில் பொடி ஊதியவர், இப்போது வயிறும் கிட்னியும்: சம்பந்தம் இருக்குமா?

தெற்குவாசல்:
அப்பாவுக்கு 58 வயது. மதுரை தெற்கு ஆவணி மூல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் நகைப் பட்டறை, ஜன்னல் கூடக் கிடையாது, 30 வருடத்துக்கு மேல் அங்கேதான் பற்றவைப்பு வேலை. சில வருடமாகவே நெஞ்செரிச்சல், வயிறு உப்புசம், பசி சரியாக எடுக்காது. மெடிக்கலில் கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டே ஓட்டிவிட்டார். போன மாதம் விலா வலி என்று ஸ்கேன் எடுத்ததில் கிட்னியில் கல், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 1.4. சுகர் இல்லை, பிரஷர் இல்லை. தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி அனுப்பினார்கள், என்ன வேலை பார்க்கிறார் என்று யாரும் கேட்கவே இல்லை. நகையைப் பற்றவைக்கிற கே.டி.எம். பொடியைத் தீயில் ஊதும்போது ஒரு மாதிரிப் புகை கிளம்பும் என்று அப்பா அடிக்கடி சொல்வார். என் தம்பியும் இப்போது அதே பட்டறையில் உட்கார்ந்திருக்கிறான். யாராவது விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஆசாரி:
தம்பி, கே.டி.எம். என்றால் காட்மியம் கலந்த பொடிதான். முன்னே செம்பும் வெள்ளியும் கலந்த பொடி வைத்தால் நகையை உருக்கும்போது மாற்று, அதாவது தங்கத்தின் சுத்தம், குறையும். காட்மியம் வந்த பிறகு 100க்கு 92 தங்கமும் 8 காட்மியமுமாகப் பொடி சேர்த்தோம், மாற்று நின்றது, எல்லாரும் அதற்கே மாறினார்கள். ஊதுகுழலை வாயில் வைத்து முகத்துக்கு நேரே ஊதுவோம், புகை எங்கே போகும்? ஹால்மார்க் 2021 ஜூனிலிருந்து படிப்படியாகக் கட்டாயமான பிறகு பல பட்டறைகளில் துத்தநாகப் பொடிக்கு மாறிவிட்டார்கள். ஆனால் உங்கள் தம்பி பட்டறையில் என்ன பொடி என்று நேரிலேயே கேளுங்கள், வாங்கும் கடைச் சீட்டைப் பாருங்கள்.

லேப் அக்கா:
சம்பந்தம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. காட்மியம் 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும், பற்றவைக்கும் தீயின் சூடு அதைவிட அதிகம். மூச்சில் போன காட்மியம் கிட்னியில் போய்த் தங்கிவிடும், அதில் பாதி வெளியேறவே 10 முதல் 30 வருடம் ஆகும். அதனால் அப்பா அந்த வேலையை நிறுத்தி வருடக்கணக்கானாலும் பாதிப்பு தெரியலாம். கல் உண்டாவதும் காட்மியம் பட்டவர்களிடம் பார்க்கிற விஷயம்தான், சிறுநீரில் கால்சியம் அதிகம் போகும்.

சாதாரண யூரின் பரிசோதனையில் குச்சி நனைத்துப் பார்ப்பது அல்புமின் என்கிற புரதத்தைத்தான் முக்கியமாகக் காட்டும். காட்மியம் முதலில் கெடுப்பது கிட்னியின் நுண்குழாய்களை, அப்போது ஒழுகுவது பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் மாதிரியான சிறிய புரதங்கள், குச்சியில் அது தெரியாது. ஆகவே 'புரோட்டீன் நில்' என்று ரிப்போர்ட் வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். சிறுநீரில் காட்மியம், பீட்டா-2 இரண்டும் பார்க்க முடியுமா என்று நெஃப்ராலஜி (கிட்னி) டாக்டரிடமே கேளுங்கள். 58 வயது ஆணுக்கு கிரியேட்டினின் 1.4 என்றால் ஈ.ஜி.எஃப்.ஆர்., அதாவது கிட்னி ரத்தத்தை வடிகட்டும் வேகம், கிட்டத்தட்ட 58 வரும். இந்த எண்ணை அலட்சியமாக விடக்கூடாது. பெரியாஸ்பத்திரி நெஃப்ராலஜி ஓ.பி.க்குப் போங்கள், உட்கார்ந்தவுடன் முதல் வாக்கியமே 'நகைப் பட்டறையில் பற்றவைப்பு வேலை' என்று இருக்கட்டும்.

வைகைக்கரை:
உடம்பிலிருந்து விஷத்தை இழுக்கிற கஷாயம் ஒன்று எங்கள் ஊரில் கொடுப்பார்கள், ஒரு மண்டலம் குடித்தால் கிட்னி சுத்தமாகும். நம்பர் வேண்டுமா?

லேப் அக்கா:
தயவுசெய்து வேண்டாம். கிட்னியில் படிந்த காட்மியத்தைக் கஷாயம் இழுக்காது. ஈய விஷத்துக்குக் கொடுக்கிற மருந்துகளைக் கூட நாள்பட்ட காட்மியத்துக்குப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை, கிட்னிக்கே பாரம் ஏறலாம் என்கிற பயம். என்ன சேர்த்தது என்று தெரியாத மருந்தை, ஏற்கெனவே அடிபட்ட கிட்னிக்குக் கொடுப்பதா?

வயிற்று விஷயத்துக்கு வருகிறேன். இந்த அளவு கிட்னிக் குறைவால் மட்டும் பசி போவது அபூர்வம், அதற்குத் தனியாகக் காரணம் தேட வேண்டும். பேன்டோப்ரசோல், ஒமெப்ரசோல் மாதிரியான கேஸ் மாத்திரைகளே சிலருக்குக் கிட்னியில் அழற்சி உண்டாக்கும், என்ன மாத்திரை எவ்வளவு காலம் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். குனிந்து உட்காரும் வேலை, இடுப்பு வலிக்கு டைக்லோஃபினாக் போடும் பழக்கம் உண்டா? அது வயிற்றையும் புண்ணாக்கும், கிட்னியையும் கெடுக்கும். கல் வலிக்கும் தானாக வாங்கிப் போட வேண்டாம். விட்டு விட்டு வயிறு முறுக்கி, மலச்சிக்கலும் இருந்தால் ரத்தத்தில் ஈயமும் பார்க்கச் சொல்லலாம், வெள்ளி தங்கம் சுத்தம் செய்கிற இடத்தில் ஈயம் புழங்கும்.

தெற்குவாசல்:
ஐயா, அக்கா, ரொம்ப நன்றி. டைக்லோஃபினாக் உண்டு, தினம் இல்லை, ஆனால் அடிக்கடி. திங்கள்கிழமை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். தம்பிக்கு இப்போதைக்கு என்ன செய்யலாம்? வேலையை விடச் சொல்ல வழியில்லை.

பழைய ஆசாரி:
முதலில் அந்தப் பொடி பட்டறைக்குள் வரக்கூடாது, முதலாளியிடம் எல்லா ஆசாரிகளும் சேர்ந்து போய்ச் சொன்னால் கேட்பார். ஊதுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே புகையை வெளியே இழுக்கிற ஃபேன் வேண்டும், துண்டை மூக்கில் கட்டினால் அந்தப் புகை நிற்காது. பட்டறைக்குள் டீயும் சாப்பாடும் வேண்டாம், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வெளியே போய்ச் சாப்பிடட்டும். பீடி சிகரெட் பழக்கம் இருந்தால் விடச் சொல்லுங்கள், புகையிலையிலேயே காட்மியம் உண்டு.

லேப் அக்கா:
தம்பிக்கு ஹீமோகுளோபினும், இரும்புச் சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்த்துவிடுங்கள். இரும்புச் சத்து குறைந்தால் குடல் காட்மியத்தைக் கூடுதலாக உறிஞ்சும். அப்பாவோடு சேர்த்து அவனையும் திங்கள்கிழமையே கூட்டிப்போங்கள்.