கண்ணும் காதும் நாங்கள்: கடல் காவலில் நாங்கள் கண்டது

நாகையிலிருந்து, விசைப்படகு உரிமையாளர்:

2008 நவம்பரில் மும்பையைத் தாக்கவந்த பயங்கரவாதிகள் 10 பேரும் குபேர் என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கடத்தித்தான் வந்தார்கள். கொலாபாவில் கரையேறியபோது அவர்களை முதலில் பார்த்து, யாரென்று கேட்டவர்களும் மீனவர்களே. அதன்பிறகுதான் 'நீங்கள் நாட்டின் கண்ணும் காதும்' என்று ஒவ்வொரு கூட்டத்திலும் அதிகாரிகள் எங்களிடம் சொல்லத் தொடங்கினார்கள். நானும் அதை மனதார ஏற்றுக்கொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கொடியக்கரைக்குக் கிழக்கே தங்கல் தொழிலில், அதாவது நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிப்பதில், இருந்தோம். நள்ளிரவில் விளக்கே இல்லாமல் ஒரு ஃபைபர் படகு எங்களை உரசுவதுபோல் கடந்தது. டார்ச் அடித்துப் பார்த்தோம், பதிவெண் இல்லை. கடலோரக் காவலின் அவசர எண் 1093 எங்கள் படகிலேயே எழுதியிருக்கிறது. அத்தனை தூரத்தில் கைப்பேசிக்கு சிக்னல் ஏது? அப்போது எங்களிடம் வயர்லெஸ்ஸும் கிடையாது. வலையை அவசரமாக இழுத்துக்கொண்டு கரைக்கு ஓடிவந்தோம். நான்கு மணி நேரம் ஆயிற்று.

காவல் நிலையம் ஒன்றில் விவரம் சொன்னேன். 'அந்த நேரத்தில் அங்கே உனக்கென்ன வேலை?' என்றுதான் முதலில் கேட்டார்கள். மீனவன் கடலில் வேறென்ன செய்வான்? அடையாள அட்டை, கடலுக்குப் போக வாங்கிய அனுமதி டோக்கன், டீசல் கணக்கு எல்லாம் பார்த்து முடிக்க மதியமாகிவிட்டது. ஏலம் முடிந்திருந்தது, ஐஸும் கரைந்துவிட்டது. அந்தப் படகு என்ன ஆனதென்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

ஓய்வுபெற்ற காவலர், கடலோரக் காவல் நிலையம் ஒன்றில் ஆறு ஆண்டுகள்:

அண்ணன் எழுதியதை இரண்டு முறை படித்தேன். கடலோரப் பாதுகாப்புத் திட்டத்தின் முதல் கட்டத்தில் நாடு முழுவதும் 73 கடலோரக் காவல் நிலையங்கள், 204 ரோந்துப் படகுகள். 2011இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் மேலும் 131 நிலையங்கள். 2022இல் தேசியக் கடல்சார் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளரும் வந்தார். எல்லாம் தேவையானவைதான். ஆனால் எங்களிடம் ஆய்வுக்கு வந்தவர்கள் படகு எத்தனை என்று கேட்டார்கள். அவை கடலில் எத்தனை மணி நேரம் ஓடின என்று கேட்கவில்லை. பழுதான எஞ்சினோடு எங்கள் படகு மாதக்கணக்கில் துறையில் கட்டிக் கிடந்தது.

ஒருமுறை 'சாகர் கவாச்' என்ற கடலோரப் பாதுகாப்பு ஒத்திகையில் ஊடுருவல்காரர்களாக நடித்தவர்களை நாங்கள் பிடித்தோம். பத்திரிகையில் பாராட்டு வந்தது. உண்மையில், புது முகங்கள் கரையேறுவதைப் பார்த்து எங்களுக்குச் சொன்னவர் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா. அறிக்கையில் அவரைக் குறிப்பிடவே இல்லை. அதை எழுதியவன் நான்.

அந்த இரவு நான் பணியில் இருந்திருந்தாலும் அண்ணனை மதியம்வரை உட்காரவைத்திருப்பேன். அது தவறென்று அன்று எனக்குத் தோன்றியிருக்காது.