கார்த்தியோட மூணு சக்கர ஹோண்டா: எங்க குடும்பக் குரூப்பில் ஓடின பேச்சு

சனிக்கிழமை

கார்த்தி (மிச்சிகன்): பெரியப்பா, படம் பாருங்க. 1979 ஹோண்டா ஏடிசி 110. ஒரு பண்ணைக் கொட்டகையில கார்புரேட்டர் கழட்டுன நிலையில கிடந்துச்சு. தண்ணி இறங்கி பிஸ்டன் துருவுல இறுகிப் பிடிச்சிருச்சு. கயித்தை இழுத்தா அசையவே இல்ல.

உமா அக்கா: இதுல எங்கடா போவீங்க? கூரையும் இல்ல, கதவும் இல்ல.

கார்த்தி: ரோட்டுக்கு இல்லக்கா. பனி, மணல், சேறு இதுக்குத்தான். குளிர்காலத்துல இங்க பைக் விக்காது. டீலருங்க விக்கிறதுக்கு ஏதாவது செஞ்சு கொடுங்கன்னு 1967ல அமெரிக்க ஹோண்டா ஜப்பான்ல கேட்டிருக்காங்க. ஒசாமு டகேயுச்சின்னு ஒரு இன்ஜினியர் உருவாக்கி, 1970ல யுஎஸ்90ன்னு முதல் வண்டி வந்துச்சு. ஷாக் அப்சார்பர் கிடையாது. பலூன் டயர்தான் அந்த வேலையும் பாக்குது, காத்து ரெண்டு பிஎஸ்ஐ சொச்சம் போதும்.

பெரியப்பா: டயர் கிடக்கட்டும். இன்ஜினைக் கிட்டத்துல ஒரு படம் எடு.

பெரியப்பா: அட, இது எனக்குத் தெரிஞ்ச இன்ஜின்டா! படுத்த சிலிண்டர், அதோட மூடியான ஹெட்டுல வால்வைத் திறக்குற கேம், இடது பக்கம் மேக்னெட். 1985ல ஹீரோ ஹோண்டா சிடி 100 பைக் வந்ததுலேருந்து நான் பிரிச்சுப் பூட்டுனது இதே வம்சம்தான். போர், ஸ்ட்ரோக், அதான் சிலிண்டர் விட்டமும் பிஸ்டன் போய்வர்ற தூரமும், என்ன?

கார்த்தி: 52, 49.5 மில்லி. 105 சிசி.

பெரியப்பா: சிடி 100க்கு 50, 49.5. ஸ்ட்ரோக் ரெண்டுக்கும் ஒண்ணேதான், உன்னோடதுல போர்தான் ரெண்டு மில்லி கூட. அதனால இங்கேருந்து பிஸ்டன் அனுப்ப வழியில்ல. வேலையை நான் சொல்றேன், சாமானை நீ அங்கயே தேடு.

சின்ன மாமா: ப்ளக் ஓட்டை வழியா ஆயில் ஊத்தி ஊற வை மாப்ள, விட்ரும்.

பெரியப்பா: விடாது மாப்ள. சிலிண்டர் படுத்திருக்கு. ஊத்துன ஆயில் கீழ்ப்பக்கமா தேங்கும், பிஸ்டன் ரிங்கோட மேல்பக்கம் காஞ்சே கிடக்கும். கார்த்தி, இன்ஜினை இறக்கி ஹெட்டைக் கழட்டு. சிலிண்டர் வாய் வானத்தைப் பாக்குற மாதிரி நிமித்தி வச்சு, பிஸ்டன் மேல குளமா நிக்குற அளவுக்கு ஊத்து. அவசரப்படாத.

கார்த்தி: கியர் ஆயிலும் அசிட்டோனும் இருக்கு பெரியப்பா.

பெரியப்பா: கியர் ஆயில் கெட்டி, வேணாம். ஆட்டோ கியர் காருக்கு ஊத்துற சிவப்பு ஆயில் இருக்குமே, அதுல பாதி, அசிட்டோன் பாதி. நெருப்பு பக்கத்துல வராம பாத்துக்க. அப்புறம், சுத்தியலை பிஸ்டன் மேலயும் போடாத, கிராங்க் நுனியிலயும் போடாத. அது பிரஸ் பண்ணி இறுக்குன கிராங்க், ஒரு அடி போதும், நேர் தப்பிரும்.

கார்த்தி: கவர் ஸ்க்ரூதான் பாடாப் படுத்துது. இங்க கடையில வாங்குற ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் வழுக்கி வழுக்கி வெளிய வருது.

பெரியப்பா: தலையில சின்னப் புள்ளி இருக்கா பாரு. இருந்தா ஜப்பான் அளவு. ஜேஐஎஸ் பிட்டுன்னு கேட்டு வாங்கி, அடிச்சுக் கழட்டுற இம்பாக்ட் டிரைவர்ல மாட்டு.

அடுத்த வாரம்

கார்த்தி: பிஸ்டன் விட்ருச்சு பெரியப்பா!! பிளாக் படம் பாருங்க. ரிங் நின்ன இடத்துல துரு கடிச்சிருக்கு, நகம் வச்சா மாட்டுது.

பெரியப்பா: நகம் மாட்டுனா ஹோனிங், அதான் லேசா உரசி எடுக்குறது, மட்டும் பத்தாது. சிலிண்டரைக் கடைஞ்சு பெருசாக்கி போர் போடணும். மேல, நடு, கீழன்னு மூணு இடத்துல அள. ஒவ்வொரு இடத்துலயும் நேரா ஒண்ணு, குறுக்க ஒண்ணு.

கார்த்தி: லேத்துக்காரர் அளந்துட்டார். 0.25 மில்லி பெருசாக்கினா பள்ளம் போகாதாம், 0.50 எடுக்கணுமாம். நாளைக்கே போட்டுரவா?

பெரியப்பா: வேணாம். முதல்ல 0.50 பெரிய பிஸ்டனை வாங்கி அவர் கையில கொடு. அதை மைக்ரோமீட்டர்ல அளந்து, அதுக்குத் தக்கன போர் போடட்டும். டப்பாவுல எழுதியிருக்குற நம்பரை நம்பி போர் போட்டு, அப்புறம் பிஸ்டன் லூசுன்னு வந்த வண்டிங்க எத்தனையோ. இந்த ஒரு விஷயத்துல மட்டும் யார் சொன்னாலும் கேக்காத.

கார்த்தி: சரி பெரியப்பா. கிளட்ச் பக்கம் இருக்குற ஆயில் ரோட்டாரைத் திறந்தேன். சுவரெல்லாம் கருங்களிம்பு, ஐஸ் குச்சியால சுரண்டினா பாளம் பாளமா வருது.

பெரியப்பா: அது சுத்துற வேகத்துல அழுக்கை ஓரத்துல ஒதுக்கி வைக்கிற ஃபில்டர். இத்தனை வருசக் குப்பையும் அங்கதான் சேந்திருக்கும். கம்பி குச்சி வேணாம், மரக்குச்சியே போதும். கேஸ் அடியில வலைச் சல்லடை ஒண்ணு இருக்கும், அதையும் உருவிக் கழுவு.

உமா அக்கா: நான் கொஞ்சம் படிச்சுப் பாத்தேன். இந்த மூணு சக்கரத்தைப் புதுசா விக்கவே மாட்டோம்னு 1988ல அங்க கம்பெனிங்க எல்லாம் அரசாங்கத்துக்கிட்ட ஒத்துக்கிட்டாங்களாமே! நிறைய குழந்தைங்க கவுந்து செத்துருக்காங்கடா. நம்ம பிள்ளைங்களை ஏத்தாத.

கார்த்தி: ஏத்த மாட்டேன்க்கா, சத்தியமா. பின் ஆக்சில் ஒரே தண்டு, டிஃபரன்ஷியல் கிடையாது. திரும்பும்போது ரெண்டு சக்கரமும் ஒரே வேகத்துல சுத்தும். உடம்பைச் சாய்ச்சு ஓட்டத் தெரியாதவங்களைத் தூக்கிப் போட்ரும். காலைக் கீழ ஊனினா பின் டயர் கணுக்கால் மேலயே ஏறும். நான் மட்டும்தான், ஹெல்மெட்டும் பூட்ஸும் போட்டு, தரிசு நிலத்துல.

உமா அக்கா: அது போதும்.

பிஸ்டன் வந்த பிறகு

பெரியப்பா: பூட்டுறப்ப இதைப் பக்கத்துல வச்சுக்க. பிஸ்டன்ல ஐஎன்னு எழுதியிருக்கும், அது கார்புரேட்டர் பக்கம், அதாவது மேல. ரிங்ல எழுத்து இருக்குற பக்கம் ஹெட்டைப் பாக்கணும். ரிங் வெட்டு வாயெல்லாம் ஒரே நேர்ல நிக்கக் கூடாது. மேக்னெட்ல 'டி'ன்னு எழுதியிருக்குற கோட்டைக் குறிக்கு நேர நிறுத்திட்டு, கேம் பல்லுல இருக்குற வட்டத்தை ஹெட்டு வெட்டுக்கு நேர வச்சு செயினை மாட்டு. ஹெட்டு நாலு நட்டுல ஒண்ணுக்குச் செம்பு வாஷர். அந்த ஸ்டட் வழியாத்தான் மேல ஆயில் ஏறுது, இடம் மாறினா ஒழுகும். டேப்பட், அதான் வால்வு இடைவெளி, 0.05 மில்லி, இன்ஜின் ஆறியிருக்கும்போது.

கார்த்தி: ஸ்டார்ட்!!!! வீடியோ பாருங்க!

அம்மா: சத்தம் கேட்டு அப்பா எந்திரிச்சு வந்துட்டாரு. நல்லா இருக்குப்பா.

பெரியப்பா: முதல்ல வர்ற புகை பூட்டுறப்ப தடவுன ஆயில், அது நின்னுரும். இப்ப ஆஃப் பண்ணு, ஆறட்டும். அப்புறம் ஒரே ரேஸ்ல வைக்காம ஏத்தி இறக்கி ஓட்டு. முதல் ஆயிலைச் சீக்கிரம் இறக்கிரு, அதுல ரிங் தேஞ்ச தூள் இருக்கும்.

கார்த்தி: ஆஃப் பண்ணிட்டேன் பெரியப்பா. காலையில ஹெட் நட்டும் டேப்பட்டும் பாத்துட்டுப் படம் அனுப்புறேன்.

பெரியப்பா: இடைவெளி அளக்குற ஃபீலர் கேஜ் தகடு உள்ள இருக்கும்போது எடு, அப்பத்தான் எனக்குத் தெரியும்.