ஹேண்ட்போல்: நேரில் பார்த்தவர்கள், விளையாடியவர்கள் எழுதுங்கள்

உப்புவெளிக்காரி:
2024 ஆகஸ்ட், பாரிஸ் ஒலிம்பிக் பெண்கள் ஹேண்ட்போல் ஃபைனல். சீசன் நேரம், நான் வேலை செய்யும் கெஸ்ட் ஹவுஸில் ஒரு அறையும் காலி இல்லை. நோர்வேயிலிருந்து வந்த ஒரு அம்மா போனை டிவியில் இணைத்துத் தரச் சொன்னார். நோர்வேயிடம் பிரான்சுக்கு அவர்கள் மண்ணிலேயே 29-21 அடி. எனக்கு ஸ்கோர் பெரிதில்லை. நோர்வேக்குக் கோல் காத்த கட்ரினே லுண்டேக்கு வயது என்ன என்று கேட்டேன். 44 என்றார். பிறகு எழும்பிப் போய்க் குசினி வாசலில் கைகாலை விரித்து நின்று, எறி என்று சைகை காட்டினார். என் கையில் இருந்தது தேசிக்காய். எறிந்தேன். முழங்காலால் தடுத்துவிட்டார்! நீ என்ன விளையாடுவாய் என்றார். வலைப்பந்து, கலியாணத்தோடு விட்டாச்சு என்றேன். ஏன் என்று கேட்டார். அந்த 'ஏன்' இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

கிண்ணியாப் பாலம்:
நோர்வே இருக்கட்டும். எங்கள் பிள்ளைகள் மாகாண மட்டத்தில் ஒரு கோலால் தோற்றார்களே, அதைப் பேசுவோம். கடைசி நிமிடம், கீப்பர் மட்டும் நிற்கும் அந்தக் கோல் வட்டத்துக்குள் எதிர் டீம் பிள்ளை பாய்ந்து எறிந்தது. அது எப்படி கோல்? ரெஃப்ரி கொடுத்துவிட்டார். எங்கள் கீப்பர் வலையிலிருந்து பந்தை எடுக்கவே இல்லை, கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூதூரான்:
கிண்ணியா அண்ணே, பாயலாம். வட்டத்தின் 6 மீட்டர் கோட்டுக்கு வெளியே உந்தி, கால் தரையில் படுவதற்குள் பந்து கையை விட்டால் கோல்தான். சும்மா ரெஃப்ரியைத் திட்டாதீங்க.
நான் கொரியாவில் வேலையில் இருந்தபோதுதான் ஹாங்சோ ஆசிய விளையாட்டு. 2022க்குரியது, 2023இல் நடந்தது. அதுவரை எட்டு முறையில் ஏழு தங்கம் கொரியாப் பெண்களுக்கு, அதனால் ஃபைனல் அன்று கென்டீனில் ஒருத்தரும் பதறவில்லை. ஜப்பான் 29-19. பத்து கோல் வித்தியாசம்! சோறு போடும் அக்கா அகப்பையைத் தூக்கியபடி டிவியைப் பார்த்து நின்றார், என் தட்டில் ஒன்றும் விழவில்லை. 2004 ஏதென்ஸ் ஃபைனலில் டென்மார்க்கிடம் பெனால்டி வரை போய்த் தோற்றபோது அழுதாராம், இதற்கு அழுகையே வரவில்லையாம். பக்கத்து மேசைக்காரர்தான் சொன்னார். ஏன் என்று கேட்க எனக்குப் பாஷை போதவில்லை.

பி.டி. சேர்:
நான் பார்த்தது ஒரே மேட்ச், அதிலும் பாதியில் மழை. ஆனாலும் சொல்கிறேன். வலைப்பந்துப் பிள்ளைகளை இதில் இறக்குகிறவர்கள் முதலில் காலைக் கவனியுங்கள். அங்கே பந்தோடு ஓட முடியாது. இங்கே மூன்று எட்டு வைக்கலாம், தட்டிக்கொண்டும் ஓடலாம். நம் பிள்ளைகள் பழக்கதோஷத்தில் நின்றே எறிவார்கள். திருகோணமலை டச் பே கடற்கரை மணலில் விடியவே பாயப் பழக்குங்கள், கிரவல் தரையில் விழுத்தி முழங்காலை உரிக்காதீங்க. பெண்களுக்கு இரண்டாம் நம்பர் பந்து, சுற்றளவு 54 முதல் 56 சென்ரிமீட்டர். ஆண்களின் பந்தைக் கொடுத்தால் பிடி கிடைக்காது, தோள்தான் போகும். கீப்பருக்குக் கையுறை கிடையாது, விரலுக்கு டேப் சுற்றுங்கள். அப்புறம் சாப்பாடு. காலையில் அவித்த கடலை, முட்டை...

உப்புவெளிக்காரி:
சேர், நான் தேசிக்காய் எறிந்த கதையைத்தான் சொன்னேன்.

கிண்ணியாப் பாலம்:
மூதூரான், சரி, பாயலாம். கோடும் வட்டத்தோடு சேர்த்திதானே? அந்தப் பிள்ளை உந்தியதே கோட்டை மிதித்துத்தான். நான் கோல் போஸ்டுக்குப் பக்கத்தில் நின்றவன்.