எஸ்தோனிய அரசியல் போலீஸ் பற்றி உதவி தேவை

நண்பர்களே, வணக்கம். இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் எஸ்தோனியாவில் அரசியல் போலீஸ் (அரசை எதிர்ப்பவர்களைக் கண்காணிக்கும் போலீஸ் பிரிவு) எப்படி வேலை செய்தது என்று ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். விடுதலைப் போரில் சண்டையிட்ட வீரர்களின் வாப்ஸ் இயக்கம், கறுப்பு-பச்சைத் தொப்பியோடு ஊர் ஊராகக் கூட்டம் போட்டு வளர்ந்தது. அவர்கள் முன்வைத்த அரசியல் சட்டத்துக்கு 1933 அக்டோபர் வாக்கெடுப்பில் 70 சதவீதத்துக்கும் மேல் ஆதரவு. அந்தச் சட்டம் தந்த அதிகாரத்தை வைத்தே 1934 மார்ச் 12 அன்று அப்போது ஆட்சியில் இருந்த கான்ஸ்டன்டின் பாட்ஸ் நெருக்கடி நிலை அறிவித்து, வாப்ஸ் தலைவர்களையே உள்ளே தள்ளினார். ஜனநாயகத்தைக் காப்பாற்றத்தான் என்று சொல்லிவிட்டு நாடாளுமன்றத்தையும் முடக்கியதை என்னால் நியாயம் என்று ஏற்க முடியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1935 டிசம்பரில் வாப்ஸ்காரர்கள் ஆட்சியைப் பிடிக்கத் திட்டமிட்டபோது போலீஸ் முந்திக்கொண்டு கைது செய்தது. இயக்கத்துக்குள் போலீஸார் ஆள் வைத்திருந்தார்களா, சிறையிலிருந்து தப்பி வெளிநாடு போன வாப்ஸ் தலைவர் ஆர்ட்டூர் சிர்க்கை எப்படிக் கண்காணித்தார்கள் என்பதற்கு ஆவணச் சான்று வேண்டும். தார்த்துவிலோ தாலினிலோ படிக்கிறவர்கள், எஸ்தோனிய மொழி வாசிக்கத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், தேசிய ஆவணக் காப்பகத்தில் எந்தக் கோப்புகளைக் கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள். அப்புறம், ஆங்கிலத்தில் நல்ல ஆய்வு தெரிந்தாலும் கமெண்டில் போடுங்கள்.