மறு: அணுக்கழிவு நிலவியல்: ‘மேல்மண்’ணா, ‘கவிகை அடுக்கா’?

> ‘ஓவர்பர்டன்’ (overburden, நமக்கு வேண்டிய பாறைக்கு மேலே கிடக்கும் அடுக்குகள்) என்பதை நெய்வேலிச் சுரங்கத்தில் ‘மேல்மண்’ என்கிறார்கள். அணுக்கழிவைப் புதைக்கும் இடத்துக்கும் அதையே வைத்துக்கொள்ளலாமே. ‘மேற்சுமை’யைவிட எளிது.

வணக்கம் ஐயா.

‘மேற்சுமை’ வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ‘மேல்மண்’ணைத்தான் ஏற்க முடியவில்லை. நெய்வேலியில் அது பழுப்பு நிலக்கரியை எட்டுவதற்காக வாரி ஒதுக்கப்படும் மண், சுரங்கத்துக்கு இடையூறு. கழிவைப் புதைக்கும் இடத்தில் அதே அடுக்கை நம்பித்தான் கீழே எதையும் வைக்க முடியும்.

ஜெர்மனியின் கோர்லேபனை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கு நிலத்தடியில் மேடாக எழும்பி நிற்கும் உப்புப் பாறையை, அதாவது உப்புக் குவிமாடத்தை, அணுக்கழிவைப் புதைப்பதற்காக 1977இல் கீழ்ச் சாக்சனி மாநில அரசு தேர்ந்தெடுத்தது. துளையிட்டுப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. பனியூழிக் காலத்தில் பனிப்பாளத்தின் அடியில் பாய்ந்த உருகுநீர், மேலிருந்த களிமண் அடுக்கை அறுத்துக்கொண்டு உப்பு வரைக்கும் இறங்கியிருந்தது. அந்தப் பள்ளத்தில் நிலத்தடி நீர் உப்பைத் தொடுகிறது. கிளாவ்ஸ் டூப்ஹோர்ன் என்ற நிலவியலாளர் 1980களின் தொடக்கத்திலேயே இதைச் சுட்டிக்காட்டி, வேறு இடங்களையும் ஆராயச் சொன்னார். உப்பே போதிய தடுப்பு, மேலடுக்கு அவ்வளவு முக்கியமில்லை என்று எதிர்வாதம் வந்தது. 2020 செப்டம்பரில், கழிவைப் புதைக்கத் தகுந்த இடங்களின் பட்டியலிலிருந்து கோர்லேபன் நீக்கப்பட்டபோது, முதன்மையான காரணம் இந்த மேலடுக்கின் குறைதான். ‘வாரி ஒதுக்கும் மண்’ என்ற பொருள் சொல்லிலேயே ஒட்டியிருந்தால், இவ்வளவு பெரிய வழக்கை நம் மாணவருக்கு எப்படிப் புரியவைப்பது?

இதே அடுக்குக்குக் ‘காப்படுக்கு’ என்று எழுதிய அம்மாவுக்கும் ஒரு வார்த்தை. அழகான சொல். ஆனால் அது காக்கிறதா என்பதுதானே ஆய்வின் கேள்வி? பெயரே விடையைச் சொல்லிவிடக்கூடாது.

நான் முன்வைப்பது ‘கவிகை அடுக்கு’. கவிகை என்றால் குடை, கவிந்திருப்பது. குடை இருக்கலாம், கிழிந்தும் இருக்கலாம். ‘கோர்லேபனில் கவிகை அடுக்கு கிழிந்திருக்கிறது’ என்று எழுதினால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். ‘மேல்மண்’ சுரங்கத் துறையில் அப்படியே இருக்கட்டும். இரு துறைக்கு இரு சொல் இருப்பதில் தவறில்லை.

உருகுநீர் அறுத்த அந்தப் பள்ளத்துக்கும் ஒரு சொல் தேவைப்படுகிறது. ‘பனியடிப் பள்ளம்’ என்று குறித்து வைத்திருக்கிறேன், ஆனால் மனம் நிறையவில்லை. உங்கள் பக்கத்து வழக்கில் ஆறு அறுத்த ஆழமான பள்ளத்தை என்னவென்று சொல்வார்கள்?