புதுப்பிப்பு: 385 மீட்டர் வான்கோழி இப்போது விழுகிறது, ஓரளவு

ஹைபவர் சில்லவுட்டில் (விலங்கு, பறவை வடிவ உலோக இலக்குகளை நின்றபடி ரைபிளால் சுட்டு விழுத்தும் போட்டி) 200 மீட்டர் கோழியும் 300 மீட்டர் பன்றியும் விழுகின்றன, வான்கோழி மட்டும் ஏன் நிற்கிறது என்று முன்பு கேட்டிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது.

ரைபிளுக்கு எடை கூடிய பேரல் (குழல்) போடச் சொன்னவர்களுக்கு நன்றி. ஆனால் போட்டி விதியின் 10 பவுண்டு 2 அவுன்ஸ் எடை உச்சவரம்பை என் ரைபிள் ஏற்கெனவே தொட்டுக்கொண்டிருக்கிறது.

கைகொடுத்தது கால் வைக்கும் நிலை பற்றிய யோசனைதான். குறிபார்த்து, கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுத் திறந்தால் தொலைநோக்கியின் குறுக்குக்கோடு இலக்குக்கு இடப்பக்கம் போய் நிற்கும். அதைக் கையால் இழுக்காமல், வலது காலை ஒரு விரற்கடை பின்னால் வைக்கிறேன். உடம்பே இலக்கு நோக்கித் திரும்பிவிடுகிறது. மறுபடி கண்ணை மூடிப் பார்த்த பிறகுதான் முதல் குண்டு.

அப்புறம், வீட்டுச் சுவரில் நகமளவு வான்கோழி ஒட்டி, குண்டில்லாமல் பயிற்சி. விசை 'டிக்' என்ற நொடியில் கோடு எங்கே இருந்தது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அலுப்பான வேலை, ஆனால் விசையை வெடுக்கென்று இழுக்கும் பழக்கம் இதில்தான் அடங்கியது.

குறுக்குக்கோட்டின் ஆட்டம் முழுசாக நிற்காது. மெதுவாகும்போது விசையை அழுத்தினால் போதும். நேரம் இழுத்தால் ரைபிளை இறக்கிவிடுகிறேன். ஐந்து குண்டுக்கு இரண்டரை நிமிடம், ஒருமுறை இறக்க அவகாசம் உண்டு.

500 மீட்டர் செம்மறிக்கடாவில் இப்போது வேறு தொல்லை: ஓரத்தில் பட்டால் திரும்பி நிற்கிறது, விழவில்லை. விழாவிட்டால் புள்ளி கிடையாது. கனமான குண்டு மாற்றியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.