மறு: ஒரே ஆள் ஒரே படத்தில் இரண்டு முறை – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரே ஆள் ஒரே படத்தில் இரண்டு இடத்தில் தோன்றும்படி எடுக்கும் படத்துக்கு, நாம் எழுதும் ஒளிப்படக் கையேட்டுக்காக ஒரு தமிழ்ப் பெயர் கேட்டிருந்தார்கள். அதற்கு இதுவரை நகல்படம், ஒட்டுப்படம், ஈருருப்படம், ஒப்புருப்படம், இரட்டை வேடப் படம் என்று ஐந்து பரிந்துரைகள் வந்திருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பேசுவதற்கு முன், அந்தப் படம் எப்படி உருவாகிறது என்பதை ஒருமுறை பார்த்துவிடுவோம். நாம் வைக்கும் பெயர் செய்முறையை முழுதும் விளக்க வேண்டியதில்லை, ஆனால் அதற்கு முரணாக இருக்கக் கூடாது.

கேமராவை முக்காலியில் இறுக்கி வைக்கிறோம். ஒளியளவு, வெண்சமநிலை (வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி நிறச் சாயலைச் சரிசெய்வது), குவியம் (ஃபோகஸ்) மூன்றையும் தானியங்கியில் விடாமல் கையால் வைத்துப் பூட்டிவிடுகிறோம். ஆளைத் திண்ணையின் இடது ஓரத்தில் உட்கார வைத்து ஒரு படம், வலது ஓரத்தில் நிற்க வைத்து இன்னொரு படம். படங்களைத் திருத்தும் கிம்ப் மென்பொருளில் இரண்டையும் அடுக்குகளாக (லேயர்) ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மேலடுக்குக்கு வெள்ளை மறைமூடி (மாஸ்க்: வெள்ளையான இடம் தெரியும், கறுப்பான இடம் மறையும்) சேர்த்து, கீழடுக்கில் ஆள் இருக்கும் இடத்தில் மட்டும் கறுப்புத் தூரிகையால் தடவினால் அவர் வெளியே வந்துவிடுவார். இருவருக்கும் நடுவில் போதிய இடைவெளி இருந்தால் சில நிமிட வேலைதான்.

ஒருவர் நிழல் மற்றவர் மேல் விழ வேண்டிய இடத்தில்தான் சிக்கல். அந்த நிழல் நம்மிடம் உள்ள எந்தப் படத்திலும் கிடையாது. நிழல் தர வேண்டியவர் இருந்தபோது அதை வாங்க வேண்டியவர் அங்கே இல்லை. அந்த நிழலை நாமேதான் தனி அடுக்கில் வரைய வேண்டும். பார்ப்பவர் கண்ணுக்கு ஏதோ சரியில்லை என்று படுவதும் பெரும்பாலும் இதனால்தான்.

இந்த நிழலே "நகல்படம்" வேண்டாம் என்பதற்குக் காரணமும் ஆகிறது. இங்கே எதையும் யாரும் நகலெடுக்கவில்லை. அந்த ஆள் இரண்டு இடத்திலும் உண்மையாகவே இருந்தார், வேறு வேறு நேரத்தில். ஒரே படத்தை வெட்டித் திருப்பி ஒட்டினால் அது நகல். அதில் இரண்டு உருவத்துக்கும் ஒரே பார்வை, ஒரே மடிப்புள்ள சட்டை. தவிர, ஒரு இடத்துப் படப்புள்ளிகளை எடுத்து வேறு இடத்தில் பூசும் குளோன் கருவிக்கும் கையேட்டில் ஒரு பெயர் வேண்டும். நகல் என்ற சொல்லை அதற்கு வைத்துக்கொள்வோம்.

நகல் என்ற சொல்லை நான் இவ்வளவு அழுத்தமாக மறுக்க இன்னொரு காரணமும் உண்டு. நைஜீரியாவின் யொரூபா மக்களிடையே இரட்டைக் குழந்தைகள் தனிச் சிறப்பு உடையவர்கள். இரட்டையரில் ஒருவர் இறந்துபோனால், முன்பெல்லாம் இபெஜி என்ற சிறு மரச்சிலை செய்து அந்தக் குழந்தையின் இடத்தில் வைத்துப் பேணினார்கள். பிறகு ஒளிப்பட நிலையங்கள் வந்ததும், உயிரோடிருக்கும் பிள்ளையை இரண்டு முறை எடுத்து, இருவரும் அருகருகே இருப்பதுபோல ஒரே தாளில் அச்சிடும் பழக்கம் வந்தது. இறந்தது பெண் குழந்தை, இருப்பது பையன் என்றால், ஒரு முறை பையன் உடையிலும் ஒரு முறை பெண் உடையிலும் எடுப்பார்கள். ஸ்டீஃபன் ஸ்ப்ரேக் 1978-இல் எழுதிய கட்டுரையில் இது விரிவாக இருக்கிறது. அந்தப் படத்தைச் சுவரில் மாட்டிய தாயிடம் போய் அதை நகல் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவருக்கு அதில் இருப்பது இரண்டு பிள்ளைகள். நாம் வைக்கும் பெயர் இந்தப் படத்துக்கும் பொருந்த வேண்டும்.

"ஈருருப்படம்" கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ஈருருமை என்பதை உயிரியலில் ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள். ஆண் மயிலும் பெண் மயிலும் தோற்றத்தில் வேறுபடுவதை பால் ஈருருமை என்கிறோம். அதாவது ஒரே இனத்துக்கு இரண்டு வேறு உருவங்கள். நம் படத்தில் இருப்பது அதற்கு நேர் எதிர்: உருவம் ஒன்று, இருக்கும் இடம் இரண்டு. பன்மைக்குப் பல்லுரு (பாலிமார்ஃபிசம்) என்று போனாலும் மரபியலும் நிரலாக்கமும் அங்கே முன்பே உட்கார்ந்திருக்கின்றன.

"ஒப்புரு" என்றால் ஒத்த உருவம். தமயந்தியின் சுயம்வர மண்டபத்தில் நளனைப் போலவே வந்து உட்கார்ந்த தேவர்கள் ஒப்புருக்கள். இங்கே இரண்டுமே நளன்தான், அதனால் அதுவும் ஒத்துவராது.

அடுத்து இரட்டை வேடம். எல்லோருக்கும் தெரிந்த சொல் என்பது இதன் பெரிய பலம். 1917-இல் இயக்குநர் பால்கே எடுத்த லங்கா தகனம் என்ற மௌனப் படத்தில் அண்ணா சாலுங்கே இராமனாகவும் சீதையாகவும் நடித்தார். தமிழில் 1940-இல் உத்தம புத்திரனில் பி.யு. சின்னப்பா. அப்போதிருந்து இரட்டை வேடம், டபுள் ஆக்ட் இரண்டும் நம் நாக்கில் ஊறிப்போனவை. ஒளிப்படத்திலும் வேடம் உண்டு. ஒளிப்படக் கலைஞர் ரைலாண்டர் இங்கிலாந்தில் 1871 வாக்கில் எடுத்த தற்படத்தில் ஓவியர் ரைலாண்டர், படைத்தொண்டர் உடையில் நிற்கும் ரைலாண்டரை நமக்கு அறிமுகப்படுத்துகிறார். பிரெஞ்சு ஓவியர் துலூஸ்-லோத்ரெக்கை அவர் நண்பர் மோரிஸ் கிபேர் எடுத்த படத்தில் லோத்ரெக் ஓவியராக உட்கார்ந்து, எதிரே மாதிரியாக இருக்கும் லோத்ரெக்கையே வரைகிறார். இவற்றுக்கு இரட்டை வேடம் நன்றாகவே பொருந்தும். ஆனால் அடுக்களையில் அம்மா ஒரு பக்கம் மாவு பிசைந்துகொண்டும் ஒரு பக்கம் அடுப்பைப் பார்த்துக்கொண்டும் இருக்கும்படி ஒரு படம் எடுத்தால் அதில் என்ன வேடம்? அவர் அம்மாவாகத்தான் இருக்கிறார். ஆகவே இரட்டையை வைத்துக்கொண்டு வேடத்தை எடுத்துவிடலாம்.

என் பரிந்துரை: இரட்டைத்தோற்றப் படம். இரண்டுக்கு மேல் என்றால் பல்தோற்றப் படம். இலக்கணப்படி பஃறோற்றம் என்று புணர வேண்டும் என்று யாராவது சொல்லக்கூடும். பஃறொடை வெண்பா, பஃறுளி ஆறு எல்லாம் அப்படி வந்தவைதான். பல்துறை என்று எழுதிப் பழகிய இன்றைய வாசகருக்காகப் பிரித்தே எழுதலாம் என்கிறேன். மறுதோற்றம் என்பதையும் யோசித்துப் பார்த்தேன். மறுதோன்றி, மறுதோன்றல் என்று நீட்டும்போது காதில் மருதோன்றி (மருதாணி) விழுகிறது, அதனால் விட்டுவிட்டேன். குழந்தைகளுக்கும் புரியும்படி ஒரு பேச்சுச் சொல் வேண்டுமென்றால் "ஓராள் குழுப்படம்" எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பயிற்சிப் பக்கத்துக்குத் தலைப்பாகவே வைக்கலாம்.

ஒட்டுப்படத்தை இதுவரை தொடவில்லை. அது, பல படத்துண்டுகளை ஒட்டிச் செய்யும் கொலாஜுக்குச் சரியான சொல். இங்கே பொருந்தாததற்குக் காரணம், ஒட்டாமலேயே ஒரே ஆள் பலமுறை வர முடியும். 1917-இல் நியூயார்க்கில் பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் துஷானை மடிப்புக் கண்ணாடிகளுக்கு முன் உட்கார வைத்து எடுத்த படத்தில் ஒரே சொடுக்கில் ஐந்து துஷான்கள். சுழன்றபடியே நீளப் படம் எடுக்கும் பழைய சர்க்கட் கேமராவில் பள்ளிக் குழு படம் எடுக்கும்போது, இடது கோடியில் நின்ற பையன் வரிசைக்குப் பின்னால் ஓடி வலது கோடியிலும் நின்றுவிடுவான். கைப்பேசியின் பனோரமாவிலும் இதைச் செய்யலாம். தோற்றம் என்ற சொல் இவை எல்லாவற்றுக்கும் இடம் தருகிறது.

பிரெஞ்சு அறிவியலாளர் மாரே 1880-களில் ஓடும் மனிதனை ஒரே தகட்டில் அடுத்தடுத்துப் பதித்தாரே, அதை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம். அங்கே காட்ட வந்தது ஆளை அல்ல, அசைவை. அதற்கு "தொடரசைவுப் படம்" என்று தனியாக இருக்கட்டும். இரண்டு பதிவுகளும் ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவித் தெரியும் வகையை "இரட்டைப் பதிவு" என்று பிரித்துவிடலாம்.

துணைச்சொற்களில் ஒன்றே ஒன்று: மாஸ்க். முகமூடி என்று மொழிபெயர்த்திருப்பதைச் சில இடங்களில் பார்க்கிறேன், தயவுசெய்து வேண்டாம். கண்ணாடித் தகடு, ஃபிலிம் காலத்தில் வில்லை முன் பாதியை மறைக்கும் ஒரு மூடியைப் போட்டு ஒரு பக்கத்தைப் பதிவு செய்வார்கள், பிறகு மூடியைத் திருப்பி மறுபக்கம். மூடி கொஞ்சம் அதிகமாக மறைத்தால் நடுவில் கறுப்புப் பட்டை விழும், குறைவாக மறைத்தால் அந்த இடம் இருமுறை ஒளிபட்டு வெளுத்துவிடும். மூடி வில்லைக்கு மிக அருகில் இருப்பதால் அதன் விளிம்பு மங்கலாகத்தான் விழும், அதனால் இரண்டு பாதியும் தையல் தெரியாமல் சேர்ந்தன. இன்று நாம் தூரிகையின் விளிம்பை மென்மையாக்கிச் செய்வதும் இதே வேலை. மறைப்பதற்கென்றே ஒரு மூடி என்பதால் மறைமூடி சரியாகப் பொருந்துகிறது.

கையேட்டில் இப்போதைக்கு இரட்டைத்தோற்றப் படம், பல்தோற்றப் படம், அடுக்கு, மறைமூடி நான்கையும் போட்டுவிடலாமா? பல்தோற்றத்துக்கு இதைவிடச் சுருக்கமாக ஒன்று தோன்றினால் எழுதுங்கள், மாற்றிக்கொள்ளலாம். நிழல் வரையும் அடுக்குக்கும் ஒரு பெயர் தேவைப்படுகிறது. "நிழலடுக்கு" போதும் என்று நினைக்கிறேன், மறுப்பு உண்டா?

அன்புடன்.